வண்டியின் குற்றமா? ஓட்டியின் குற்றமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாட்டிலே நெடுநாளாக வழங்கும் பழமொழி இது. ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. அதைக் கட்டியவரே வந்து நின்று, "கூடத்தில் குறையில்லை, உனக்குத்தான் ஆடத் தெரியவில்லை" என்று கூறுகிறார். இதற்கு என்ன பழமொழி சொல்வது?

புதிய டீசல் கார்களை வாங்கி, அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்தும் தோழர்களின் நிலை இன்று இதுதான். கடனை வாங்கி வண்டி எடுக்கிறார் ஒருவர். ஊருக்குள்ளேயே சவாரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைவீதி, இரயிலடி. சில மாதங்கள் ஓடுகின்றன. ஒருநாள் ஓட்டுநரின் எதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது. இரண்டு நாளில் வண்டியின் இழுவை குறைகிறது. மேட்டிலே ஏற மறுக்கிறது. பணிமனைக்குக் கொண்டு போனால், கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கப்படுகிறது: "நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை."

விற்கும்போது இந்த வாக்கியம் எங்கே போயிற்று? மாதத் தவணைக் கணக்கை வரி வரியாக விளக்கிய வாய், "இந்த எஞ்சின் ஊருக்குள் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும்" என்று சொல்ல ஏன் திறக்கவில்லை? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

அன்றைய எஞ்சின், இன்றைய எஞ்சின்

டீசல் எஞ்சின் நேற்றுப் பிறந்ததல்ல. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் என்பவர், ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டு அதை ஓட்டிக் காட்டினார். காற்றை இறுக்கி அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டிலே எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் தத்துவம். அதனால்தான் அது உழைப்பாளியின் எஞ்சினாயிற்று. லாரியிலும், பஸ்ஸிலும், கிணற்றடிப் பம்பிலும், படகிலும் அது பாடுபட்டது. பழுதானால் ஊர் மெக்கானிக் ஒரு ஸ்பானரோடு வந்து, காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தார். சத்தம் அதிகம், புகை அதிகம். ஆனால் உழைப்பும் அதிகம்.

இன்றைய எஞ்சினோ, பெயரில் மட்டுமே அதன் வாரிசு. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 என்ற இத்தாலியக் காரில் 'காமன் ரெயில்' என்ற முறை முதன்முதலில் வந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைக் கடும் அழுத்தத்தில் நிறுத்தி வைத்து, கணினி சொல்லும் நொடியில் தெளிக்கும் முறை. இன்று அந்த அழுத்தம் 2,000 பார் என்ற அளவையும் தாண்டிவிட்டது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அந்த டீசல் வெளியேறும் துளையோ மயிரிழை போன்றது. எண்ணெயிலே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் தூசு கலந்திருந்தால் போதும். பம்பும் இன்ஜெக்டரும் பாழ். அதற்குத் துணையாக, நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய டர்போ. பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட பிழைகளை இது பொறுக்காது.

இவற்றால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதே அளவு எண்ணெயில் கூடுதல் தூரம், கூடுதல் வலு, குறைந்த சத்தம், எல்லாம் உண்மையே. ஆனால், நன்மையை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டவர்கள், அந்த நன்மை எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதை எந்த எழுத்தில் போட்டார்கள்?

வடிகட்டி வேண்டாம் என்போமா? ஒருபோதும் இல்லை!

இங்கே ஒன்றை அழுத்தந்திருத்தமாகக் கூறிவிட விரும்புகிறோம். டீசல் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் தொழிலாளிக்கு எதிரான சட்டம் அல்ல. 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக அறிவித்தது. அதற்கு முக்கியச் சான்றாக அமைந்தது எது தெரியுமா? பூமிக்கடியில் டீசல் இயந்திரங்களோடு பாடுபட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு! புகையை முதலில் குடிப்பவன் தொழிலாளி. போக்குவரத்து நெரிசலில் நாள் முழுவதும் நிற்பவன் ஓட்டுநர். சாலையோரத்தில் குடியிருப்பவன் ஏழை. குளிரூட்டிய அறையில் இருப்பவரின் நுரையீரலுக்காக மட்டும் போட்ட சட்டமல்ல அது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் தேதி முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. நான்காம் படியிலிருந்து, ஐந்தாம் படியில் கால் வைக்காமலே ஆறாம் படிக்குத் தாவினோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம் என்றிருந்தது, 4.5 மில்லிகிராம் ஆயிற்று. நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. டீசலில் உள்ள கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காயிற்று. இவை யாவும் வரவேற்க வேண்டிய மாற்றங்கள்.

எனவே, "வடிகட்டியை அறுத்து எறிந்துவிடு, தொல்லை தீரும்" என்று சில பட்டறைகளில் கூறப்படும் யோசனையை நாம் ஏற்கவில்லை. அறுத்து எறிந்தால் தொல்லை தீராது. நம் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு இடம் மாறும். சட்டத்துக்கும் அது புறம்பு. நம் சண்டை வடிகட்டியோடு அல்ல; அதன் செலவையும் பழியையும் வண்டி ஓட்டுகிறவன் தலையில் கட்டும் சூழ்ச்சியோடு.

மெதுவாகப் போனால் குற்றம்

இந்த வடிகட்டி செய்வது என்ன? எஞ்சினிலிருந்து வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்து வைத்துக்கொண்டே போனால் நிறைந்துவிடுமே? ஆகவே, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, அது தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் கரியை எரித்துவிட வேண்டும். அந்தச் சூட்டுக்காக எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. இந்த வேலை முடியப் பத்து, இருபது நிமிடம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

ஊருக்குள் சவாரி அடிக்கும் வண்டிக்கு அந்த இருபது நிமிடம் ஏது? மூன்று கிலோமீட்டர் போனால் இறங்க வேண்டியவர் இறங்கிவிடுவார். சாவியைத் திருப்பினால் எரிப்பு பாதியில் நின்றுவிடும். அடுத்த சவாரியில் மீண்டும் தொடக்கம். மீண்டும் பாதியில் நிறுத்தம். எரியாத கரி வடிகட்டியை அடைக்கிறது. அதற்காகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி, பல எஞ்சின்களில், சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போகிறது. நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் காக்காது. வடிகட்டியில் தொடங்கிய நோய் எஞ்சினின் நெஞ்சுக்கே பரவிவிடுகிறது.

மற்ற உறுப்புகளும் உண்டு. நச்சுவாயுவைக் குறைக்கப் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்கே ஊட்டும் வால்வு. அந்தப் புகையின் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து காற்றுப் பாதையில் தார் போல் படிகின்றன. அடுத்து யூரியாத் திரவம். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மீதி தூய நீரும் கொண்டது. அதன் பம்பிலும் முனையிலும் உப்புப்போல் உறைந்து அடைப்பு ஏற்படுவதுண்டு. திரவம் தீர்ந்துவிட்டால், எச்சரிக்கைகளுக்குப் பின், பல வண்டிகளில் நிறுத்திய எஞ்சின் மீண்டும் கிளம்பவே கிளம்பாது. அந்த நேரத்தில் வண்டிக்குள் நோயாளி இருக்கிறாரா, மணப்பெண் இருக்கிறாரா என்று கணினிக்குக் கவலையில்லை.

இத்தனைக்கும் பணிமனை தரும் மருந்து ஒன்றே: "நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டு வா." பிழைப்பை விட்டுவிட்டு, எண்ணெயை எரித்து, சவாரி இல்லாமல் வெறும் வண்டியை ஓட்ட வேண்டும்! குற்றவாளி யார் என்றால், மெதுவாகப் போனவன்.

வேகமாகப் போனாலும் குற்றம்!

சரி, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? ஆஸ்திரேலியாவைப் பார்ப்போம். பரந்த நாடு, நீண்ட சாலை. பணிமனை மேலாளர் கனவு காணும் வகையில் வண்டிகள் அங்கே மணிக்கு 100 கிலோமீட்டரில் மணிக்கணக்காக ஓடுகின்றன.

2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ ஆகிய டீசல் வண்டிகள் 2,64,170 விற்பனையாயின. அவற்றின் வடிகட்டி அமைப்பில் பழுது கண்டது. வெள்ளைப் புகை, துர்நாற்றம், எரியும் எச்சரிக்கை விளக்கு, பணிமனைக்கு மீண்டும் மீண்டும் நடை. காரணம் என்ன? வண்டியைத் தொடர்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போதுதான், எரிப்புக்குத் துணை செய்யும் பகுதியில் படிவு சேர்ந்து, கரி சரிவர எரியாமல் போயிற்று!

பார்த்தீர்களா தோழர்களே! ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஓட்டியின் குற்றம். அங்கே, எல்லோரும் ஓட்டும் வேகத்தில் ஓட்டினாலும் வடிகட்டி அடைத்தது. பின் எப்படித்தான் ஓட்டுவது?

ஆஸ்திரேலிய மக்கள் தனித்தனியாகப் பணிமனை வாசலில் முறையிட்டதோடு நிற்கவில்லை. ஒன்று சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குறை வண்டியின் வடிவமைப்பில் இருக்கிறது, விற்கும்போதே இருந்தது, ஏற்கத்தக்க தரத்தில் அந்த வண்டிகள் இல்லை. குறையில்லாத வண்டி என்று வாங்குவோர் நம்பும்படி நடந்துகொண்டது தவறான வழிகாட்டல் என்றும் கூறிற்று. அதனால் வண்டியின் மதிப்பு நூற்றுக்கு 17.5 பங்கு குறைந்தது என்று கணக்கிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-இல் மேல்முறையீட்டு அமர்வு அந்த அளவை 10 பங்காகக் குறைத்தது. 2024 நவம்பரில், அந்நாட்டின் உச்ச மன்றமாகிய ஹைகோர்ட், இழப்பீட்டைக் கணக்கிடும் முறையைத் தெளிவாக்கி, கணக்கை மீண்டும் ஃபெடரல் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.

தொகையைப் பற்றித்தான் பிறகு தகராறு. குறை எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூடம் கோணல் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மறைக்கப்பட்ட இரகசியம்

இன்னொரு கதையும் நாம் மறக்கக் கூடாதது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வோக்ஸ்வாகனின் மோசடியை அம்பலப்படுத்தியது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைச் சுத்தமாக்கி, சாலையில் அளவை மீறி நச்சுவாயு விடும்படி கணினிக்குள் கள்ளத்தனம் செய்திருந்தார்கள். சில நிலைகளில் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு! உலகெங்கும் அப்படிப்பட்ட வண்டிகள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம். 2017-இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல் அபராதமாக மட்டும் 280 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

ஏமாற்றியதை எல்லோரும் அறிவர். அந்த ஒப்புதல் ஆவணத்தில் இருக்கும் இன்னொரு செய்தியைப் பலர் அறியார். 2012 வாக்கில், வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டிருந்த சில வண்டிகளில் உறுப்புகள் பழுதாகத் தொடங்கின. பொறியாளர்கள் என்ன சந்தேகித்தார்கள் தெரியுமா? "வண்டி சோதனை நிலையிலேயே, அதாவது சுத்தமான நிலையிலேயே, சாலையிலும் ஓடிவிடுகிறது, அந்தப் பாரத்தைப் புகைக்குழாய் அமைப்பு தாங்கவில்லை" என்று! அதற்கு அவர்கள் கண்ட தீர்வு உறுதியான உறுப்பைச் செய்வதல்ல. ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்த்து, சாலைக்கு வந்துவிட்டதைக் கண்டுபிடித்து, சுத்தத்தைக் கைவிடும்படி கள்ளத்தனத்தைக் கூர்மையாக்கியதுதான்!

இதன் பொருள் என்ன? சுத்தமும் வேண்டும், உறுதியும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்ற மூன்றையும் ஒருசேரக் கொடுக்க முடியாதபோது, ஒருவர் சுத்தத்தைத் திருடினார். உறுதியைக் குறைத்து, உண்மையையும் சொல்லாமல் விடுகிறவர்களுக்கு என்ன பெயர்?

எல்லோரும் அப்படி என்று நாம் கூறமாட்டோம். புதிய விதியின்படி சிறு டீசல் கார் செய்தால் விலை கட்டுபடியாகாது என்று கணக்கிட்டு, மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. அது வியாபாரக் கணக்குத்தான். ஆனாலும், எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் பொருந்தும் என்பதை நிறுவனங்கள் நன்றாகவே அறியும் என்பதற்கு அதுவே சாட்சி. அறிந்ததை வாங்குகிறவனுக்கும் சொல்லட்டுமே!

நாம் கேட்பது

முதலாவது: விற்கும்போதே, வாங்குகிறவரின் தாய்மொழியில், கையெழுத்திட்டுத் தர வேண்டும். இந்த எஞ்சின் எந்த வகை ஓட்டத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, வடிகட்டி மாற்றினால் என்ன செலவு, எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். முந்நூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தின் மூலையில் ஒரு வரி போட்டுவிட்டு, "சொல்லித்தான் இருந்தோம்" என்பது நியாயமாகாது.

இரண்டாவது: புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளுக்கு நீண்ட உத்தரவாதம். அமெரிக்காவில் கார்களின் வினையூக்கி மாற்றிக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் சட்டப்படி உண்டு. சட்டத்துக்காகப் பொருத்திய உறுப்பைச் சட்டமே காக்க வேண்டாமா? இலட்சத்தைத் தொடும் வடிகட்டிச் செலவை, தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் எங்கிருந்து எடுத்து வைப்பார்?

மூன்றாவது: ஊர் மெக்கானிக்கின் கையைக் கட்டாதே! கோளாறைப் படிக்கும் கருவியையும், அசல் உதிரிப் பாகத்தையும், செய்முறையையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். இது புதுக் கோரிக்கை அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் ஏறி, ஆண்டுகள் உருண்டன. ஸ்பானர் பிடித்த கைக்குக் கணினியும் பழகும். பழகவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ பயணிக்கோ தீங்கு செய்யும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மூச்சடைத்துப் புகை கக்கும் வண்டி சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லையா? ஏட்டில் இருக்கும் அதிகாரம் சாலைக்கு வரட்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியது

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் தம் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள். ஊருக்குள்ளேயே சிறு சிறு சவாரி என்றால், மைலேஜ் கணக்கில் மயங்கி டீசலுக்குப் போகாதீர்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது முதல், மலிவு எண்ணெய் என்ற பழைய கவர்ச்சியும் தேய்ந்துவிட்டது.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், குறிப்பிட்ட ரக ஆயிலையே ஊற்றுங்கள். வேறு ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயில் அளவு குறைவதை மட்டுமல்ல, கூடுவதையும் பாருங்கள். கூடினால் டீசல் கலக்கிறது என்று பொருள். எச்சரிக்கை விளக்கு எரிந்த தேதி, கிலோமீட்டர், பணிமனை சொன்ன பதில், கொடுத்த பணம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

"வாடகை வண்டிக்காரனுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று யாரேனும் மிரட்டினால் நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கியவனை வியாபாரி என்று தள்ளிவிடவில்லை, அவனும் நுகர்வோனே. 50 இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளென்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு, ஒன்றாகச் சேர்ந்து வழக்காடவும் அச்சட்டத்தில் வழி உண்டு.

தனி ஒருவன் பணிமனை வாசலில் நின்றால், "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்பார்கள். அதே நிறுத்தத்தில் நிற்கும் இருபது பேர், இருபது பேரின் இரசீதுகளோடு ஒன்றாகப் போய் நின்றால், இருபது பேருக்கும் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்ல எந்த மேலாளருக்கும் நா எழாது. ஆகவே, ஓட்டுநர் சங்கங்கள் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். எந்த வண்டி, எந்த ஆண்டு, என்ன பழுது, என்ன செலவு என்று ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேட்டு எழுதட்டும்.

காற்றும் சுத்தமாக வேண்டும். வண்டியும் ஓட வேண்டும். வண்டியை நம்பிய வயிறும் வாழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள் என்று நம்மிடம் பேரம் பேச வருவோருக்கு நம் பதில் இதுவே: செய்தவன் செய்ததற்குப் பொறுப்பேற்கட்டும், ஓட்டுகிறவன் ஓட்டுவதற்குப் பொறுப்பேற்பான்.